ஆகட்டும்

"வடவள்ளிக்குப் போறதுங்களா, சரவணம்பட்டிக்குப் போறதுங்களா அக்கா?" என்று பழனியப்பன் கேட்டபோது கோகிலவாணியின் கையில் மார்க்கர் மூடி திறந்தபடி இருந்தது. கேள்வி காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. வாசலில் டெம்போ பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அதில் எந்த வீட்டுச் சமையலறைக்கு வெட்டிய பலகைகளை ஏற்றுவது என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஓர் ஊர்ப்பெயர், இரண்டில் ஒன்று, சொன்னால் பழனியப்பன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், போய் அலமாரிகளைச் சுவரில் ஏற்றி, கதவு மாட்டி, கைப்பிடி திருகி, சாயங்காலம் குரூப்பில் படம் போடுவான். இரண்டு வீட்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக அவள்தான் ஒத்துக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டபோது பொருத்துகிற ஆட்கள் இரண்டு செட் இருந்தார்கள். ஒரு செட் ஊர்த்திருவிழா என்று உடுமலைப் பக்கம் போய்விட்டது. திருவிழா ஒவ்வொரு வருஷமும் இதே மாதத்தில்தான் வருகிறது, அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் இரண்டு பேருக்கும் சரி என்று சொன்னாள், ஏன் சொன்னாள் என்று யோசிக்கப் போனால் யோசனை பாதியில் நின்று, தான் எதை யோசிக்க வந்தோம் என்று தெரியாமல் முழித்தது. "சொல்றேன், இருங்க பழனியப்பா. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்றான் அவன். அவள் மார்க்கரை மூடினாள். அவன் இன்னொரு டீ குடிக்கப் போனான்.

எதிரே வெள்ளைப் பலகை. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. மேலே கிழமைகள், இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள், நடுவில் கட்டம் கட்டமாக வேலைகள்: அளவு எடுக்க, வெட்ட, ஒட்ட, ஏற்ற, பொருத்த. அந்தப் பலகையை அவள் கணவன் சிவசண்முகம்தான் வாங்கி வந்து மாட்டினான். அதற்கு முன்னால் எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. 'தலைக்குள்ள வெச்சுட்டிருந்தா நாளைக்கு எனக்கொண்ணு ஆச்சுன்னா நீ என்ன பண்ணுவே வாணி' என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அப்படிச் சொன்னது நினைவிருக்கிறதா, அல்லது இப்போது தானாகச் சேர்த்துக்கொள்கிறோமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவன் அப்படி ஏதும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். 'சுவத்துல ஒரு பலகை இருந்தா நல்லாருக்கும்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். முதல் வரிசையில் அவன் பெயர். அதில் அவனுக்கான வேலைகள் எப்போதும் நிரம்பி வழிந்து அடுத்தவர் கட்டத்துக்குள் போய்விடும். புது வேலை எது வந்தாலும் அவன் வாயில் முதலில் வருகிற சொல் ஆகட்டும். ஆகட்டுங்க, பாத்துக்கலாம். கிரானைட்காரன் வரவில்லையா, ஆகட்டும். சுவர் கோணலா, ஆகட்டும். அந்தச் சொல்லைக் கேட்டால் எதிரில் இருப்பவர்கள் தோளைத் தளர்த்திக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, குளியலறையில் வாளி உருளுகிற சத்தம் கேட்டது. வாளி ஏன் உருளுகிறது என்று நினைத்துக்கொண்டே அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றி முடித்தாள். முடித்துவிட்டுத்தான் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவனுடைய வலக்கையும் வலக்காலும் பாதிதான் வந்தன. பேச்சில் ஒரே ஒரு சொல் வந்தது. தண்ணி வேணுமா, ஆகட்டும். வலிக்குதா, ஆகட்டும். என்னைத் தெரியுதா. ஆகட்டும்.

அவனுக்கு ஏதாவது வேலை கொடுங்கள், சும்மா உட்கார வைக்காதீர்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். வீட்டில் என்ன வேலை இருக்கிறது. கோகிலவாணி அவனைக் கடைக்குக் கூட்டி வந்தாள். முதல் வரிசையில் அவன் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது, அதைப் பார்க்கிறபோதெல்லாம் பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப்போவது மாதிரி கண் அங்கேயே போனது. எனவே ஒரு நாள் அதில் 'கீல் பிரிக்க' என்று எழுதினாள். உள்ளறையில் ஒரு மேஜை போட்டு, கதவுக் கீல்கள், திருகாணிகள், டிராயர் ஓடுகிற சேனலின் சின்னச் சின்னக் கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒரு தட்டத்தில் கொட்டி, பக்கத்தில் டப்பாக்களை வைத்தாள். அவன் இடக்கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டான். மதியத்துக்குள் முடித்துவிட்டான். முடித்த வேலையைப் பச்சை மார்க்கரால் சுற்றிவிடுவது கடை வழக்கம், அவளும் சுற்றினாள். நஸ்ரின் கைதட்டினாள். நஸ்ரின் கம்ப்யூட்டரில் சமையலறைப் படம் வரைகிற பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சின்ன விஷயத்துக்கும் கைதட்டிவிடுவாள். மறுநாளைக்குப் பிரிப்பதற்குக் கீல் இல்லை. வேறு என்ன கொடுப்பது என்று நின்றவள், அன்றைக்குச் சாயங்காலம் அவனை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்து, டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தட்டத்தில் கவிழ்த்துக் கையால் கலந்தாள். சோறு பிசைவது போல. பாவம் செய்கிறோம் என்று அப்போது கொஞ்சம் தோன்றியது. அடுத்த நாள் தோன்றவில்லை. பிறகு அது கதவைப் பூட்டுவது, விளக்கை அணைப்பது போல் கடை அடைக்கிற வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அவன் பிரிப்பான், அவள் கலப்பாள். பலகையில் கீல் பிரிக்க, கீல் பிரிக்க, கீல் பிரிக்க. பச்சை வட்டம், பச்சை வட்டம்.

போன் அடித்தது. சரவணம்பட்டி டாக்டரம்மா. எடுக்காமல் விட்டால் நிற்கும், நின்றால் மறுபடி அடிக்கும். எடுத்தாள். "வாணி, வண்டி கிளம்பிருச்சா? வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம். பத்திரிகை குடுத்தாச்சு. சமையல் ரூம்ல வெறும் சுவருதான் நிக்குது. எங்க சம்பந்தி வீட்டிலிருந்து வர்றாங்க, அவங்க முன்னாடி வெறும் சுவரைக் காட்ட முடியுமா?" குரல் கோபமாக இருந்ததா, கெஞ்சலாக இருந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கொஞ்ச நாளாகவே குரல்கள் எல்லாம் பக்கத்து வீட்டு டிவி மாதிரிதான் வருகின்றன. சத்தம் கேட்கும், என்ன சொல்கிறார்கள் என்பதும் தெரியும், ஆனால் அது வேறு யாருக்கோ. "பாத்துக்கலாங்க டாக்டர்" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது. அவனுடைய சொல்லில் இரண்டாவது பாதி. முதல் பாதியை அவன் வைத்துக்கொண்டான், மீதி எனக்கு வந்துவிட்டதோ. டாக்டரம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி பலகையில் வியாழன் என்று எழுதியிருந்த இடத்தில் 'ழ' கொஞ்சம் அழிந்து 'ம' மாதிரி தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சரி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் வண்டி. வண்டிக்கு முன்னால் ஊர்ப்பெயர். வடவள்ளியில் கல்யாணசுந்தரம் என்கிற ரிட்டயர்டு மேனேஜர், அதிகம் பேசாதவர், போன் பண்ணமாட்டார், அதனால்தான் அவரை மறந்துவிடத் தோன்றியது. அவர் மனைவி இல்லாதவர். மகள் குழந்தை பெற்று ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வருகிறார். 'பத்தியச் சாப்பாடு நான்தாம்மா வெச்சுக் குடுக்கணும். பழைய அடுப்பு மேடையை உங்க ஆளுங்க உடைச்சுட்டாங்க. இப்ப வராந்தாவுல ஸ்டவ் வெச்சுட்டு இருக்கேன், காத்துல அணைஞ்சு அணைஞ்சு போயிருது' என்று போன வாரம் நேரில் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அவசரமில்லை என்றும் சொன்னார். ஏன் அவசரமில்லை என்று சொன்னார்? அவசரம்தானே.

முன்பானால் உள்ளே போய்க் கேட்பாள். இப்படி ஒன்று, இப்படி ஒன்று, என்ன பண்ணட்டுங்க. அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே ஒரு ஊர்ப்பெயரைச் சொல்வான். அது சரியாக இருந்ததா தப்பாக இருந்ததா என்று பின்னால் பார்த்ததில்லை, சொல்லிவிட்டான் என்பதே போதுமானதாக இருந்தது. எத்தனையோ முறை தப்பாகவும் இருந்திருக்கும். இப்போது போய்க் கேட்டால்? வடவள்ளிங்களா? ஆகட்டும். சரவணம்பட்டிங்களா? ஆகட்டும். அவனுடைய ஆகட்டும் இப்போது எல்லா ஊருக்கும் போகிற வண்டி. அதில் ஏறி அவள் எங்கெங்கோ போயிருக்கிறாள். நாளைக்குக் கடைக்கு வர்றீங்களா என்று ராத்திரி ராத்திரி கேட்பாள், ஆகட்டும் என்பான், அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு காலையில் சட்டை மாட்டி, ஷூ மாட்டி, ஆட்டோவில் ஏற்றுவாள். ஆமாவா இல்லையா என்று கேட்காதீர்கள், இரண்டு கையையும் நீட்டி ஒன்றுக்கு ஒரு பெயர், இன்னொன்றுக்கு ஒரு பெயர் சொல்லி, எது வேணும் என்று தொடச் சொல்லுங்கள், அவருக்கு உள்ளே எல்லாம் புரிகிறது என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். இட்லியா தோசையா என்று அப்படிக் கேட்டிருக்கிறாள். தோசையைத் தொட்டான். சட்டைக்குக் கேட்டிருக்கிறாள். கடைக்கு மட்டும் அப்படிக் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை என்ற இடத்தில் யோசனை ஒரு முறை முட்டியது, பின்வாங்கியது, சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் முட்டியது. பழனியப்பன் வாசல்படியில் வந்து நின்றான். "அக்கா, வெயில் ஏறுதுங்க. பசங்க வண்டியிலேயே உக்காந்திருக்காங்க." "ம்" என்றாள். "எதுனாலும் சொல்லுங்க, போயிர்றோம். ரெண்டு எடத்துக்கும் பாதிப் பாதி பண்ணிரலாங்களா?" பாதிப் பாதி. இரண்டு வீட்டிலும் கதவில்லாத அலமாரிகள். அது நல்ல யோசனை போலக் கொஞ்ச நேரம் தோன்றியது, யாரையும் பகைக்க வேண்டாம், யாருக்கும் எதுவும் முடிந்திருக்காது. "இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று தெரியவில்லை. கால் போயிற்று.

கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே சிவசண்முகம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலைக்குப் பின்னால் முடி வளர்ந்து காலர் மேல் விழுந்திருந்தது. மேஜையில் டப்பாக்கள் நிறைந்திருந்தன, தட்டம் காலி. சீக்கிரம் முடித்துவிட்டானே, இனி சாயங்காலம் வரை என்ன செய்வான் என்று நினைத்தாள். அப்போது அவன் இடக்கையை நீட்டி முதல் டப்பாவை எடுத்தான். மெதுவாக, சத்தம் வராமல் தட்டத்தின் ஓரத்தில் வைத்துச் சாய்த்தான். கீல்கள் வழிந்தன. அடுத்த டப்பா. திருகாணிகள். அடுத்தது. எல்லாவற்றையும் சாய்த்த பிறகு, விரல்களை உள்ளே விட்டுப் பிசைந்தான். அவள் செய்வது போலவே. பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கலந்து கிடந்ததிலிருந்து ஒரு கீலைப் பொறுக்கிக் காலி டப்பாவில் போட்டான். டக். அவளுக்குப் பின்னால் நஸ்ரின் வந்து நின்றிருந்தாள். "நீங்கதான் சார்கிட்ட அப்படிச் செய்யச் சொல்லியிருக்கீங்கன்னு நினைச்சேன் அக்கா" என்றாள் மெல்ல. "கொஞ்ச நாளாவே செய்யறார். எக்சர்சைஸ்னு நினைச்சேன்." கோகிலவாணி கதவைப் பிடித்துக்கொண்டாள். சில சாயங்காலங்களில் அவள் போய்ப் பார்க்கும்போது தட்டம் ஏற்கனவே கலந்து கிடந்ததுண்டு. நாம்தான் கலந்திருப்போம், மறந்திருப்போம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவனுக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும்? முதல் நாளிலிருந்தேவா? தெரிந்துகொண்டே பிரித்தான், பச்சை வட்டத்துக்குத் தலையாட்டினான், கைதட்டலுக்குச் சிரித்தான். மனைவிக்குச் சாயங்கால வேலையில் ஒன்று குறையட்டும் என்று கலந்தும் வைத்தான். அழுகை வர வேண்டிய இடம் இது என்று தோன்றியது. வரவில்லை.

முன்னால் போய்க் கீழே தரையில் உட்கார்ந்தாள், அவன் முகம் தெரிகிற மாதிரி. அவன் கையில் இன்னொரு கீல் இருந்தது. அவளைப் பார்த்ததும் தட்டத்தின் மேல் முழங்கையை வைத்து மறைக்கப் பார்த்தான். "பாத்துட்டேனுங்க" என்றாள். "ஆகட்டும்" என்றான். அதைத் தவிர வேறொன்று சொல்ல அவன் உதடு முயன்றது, கழுத்து நரம்பு எழும்பியது, வரவில்லை. மறுபடியும், "ஆகட்டும். ஆகட்டும்." அவள் இரண்டு கைகளையும் அவன் முன் நீட்டினாள். நீட்டிய பிறகும் பெயர் சொல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இன்னும் சொல்லவில்லை, இன்னும் மடக்கிக்கொள்ளலாம், வடவள்ளியா சரவணம்பட்டியா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், அவன் எதையாவது தொடுவான், அதைப் பலகையில் எழுதிவிடலாம், நான் சொல்லவில்லை அவர் சொன்னார் என்று. அவன் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் போதும், டக் டக் என்று கீல் விழுகிற சத்தம் வந்தால் போதும், கடை அவனுடைய கடையாக இருக்கும், அவள் அவன் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்கிறவளாக மட்டும் இருக்கலாம். ஓ, இதற்காகத்தானா. வேலை அவனுக்குத்தான் தேவை என்றல்லவா நினைத்திருந்தேன். "இது கடை" என்று வலக்கையை அசைத்தாள். "இது வீடு. இனிமேல். எது வேணும்னு தொடுங்க. எது தொட்டாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." அவன் கைகளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான், நெடுநேரம், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பது போல. இவள் தாங்குவாளா என்று பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு கையிலிருந்த கீலை மேஜையில் வைத்துவிட்டு, வீட்டைத் தொட்டான். தொட்டுவிட்டு, பயந்தவன் போல, கடையையும் இலேசாகத் தட்டிக் கொடுத்தான்.

அவள் எழுந்து முன்னறைக்கு வந்தாள். "பழனியப்பா, வடவள்ளிக்கு ஏத்துங்க. முழுசா முடிச்சுட்டுத்தான் வரோணும். அடுப்பு மேடைப் பக்கம் மொதல்ல." அவன் வண்டிப் பக்கம் திரும்பினான். "அப்ப டாக்டரம்மாங்க?" "நான் பேசிக்கிறேன்." அவன் தோள்கள் தளர்ந்தன, அதை அவள் பார்த்தாள், தன் சொல்லுக்கு ஒருவர் தோள் தளர்வதை. டாக்டரம்மாவுக்கு அவளே போன் போட்டாள். "வெள்ளிக்கிழமைக்கு முடியாதுங்க டாக்டர். என்கிட்ட ஆள் இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கோணும், சொல்லலை, தப்பு என் மேலதான். அடுத்த புதன்கிழமை வேலையைத் தொடங்கிருவோம். பால் காய்ச்சறதுக்கு ஒரு மேடையும் ஸ்டவ்வும் நாளைக்கு நானே கொண்டு வந்து வெச்சுடறேன்." அந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் வந்தது. சண்முகம் சார் இருந்தா இப்படி நடக்குமா, பொம்பளை கையில குடுத்தது என் தப்பு, இனி என் சொந்தக்காரங்க ஒருத்தரையும் உங்ககிட்ட அனுப்ப மாட்டேன். இந்த முறை அது பக்கத்து வீட்டு டிவியாக இல்லை. ஒவ்வொரு சொல்லும் நேராக அவளுக்கே வந்தது, கன்னம் காந்தியது. கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டர், நாளைக்கு வர்றேன்" என்று வைத்தாள். நஸ்ரின் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "சாரை வீட்டுல விட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் போன் வந்தா நீயே பேசு" என்றாள் கோகிலவாணி. "நானா?" என்றாள் நஸ்ரின். "நீதான். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அது போதும்."

ஆட்டோவில் அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவளும் பார்த்தாள். பகலில் அந்தத் தெரு வழியாக வந்து ரொம்ப நாளாயிற்று. துணி காயப்போட்டிருந்தார்கள், யாரோ மிளகாய் வறுத்தார்கள், நெடி மூக்கில் ஏறி அவள் தும்மினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் யாரையும் கேட்காமல் கட்டிலை நோக்கிப் போனான், சுவரைப் பிடித்துக்கொண்டு, வலக்காலை இழுத்துக்கொண்டு. உட்கார்ந்தான், சாய்ந்தான். அவள் மின்விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் தூங்கிப்போயிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அப்படி ஒரு தூக்கத்தை அவனிடம் அவள் பார்த்ததில்லை. ஷூவோடு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் வலக்காலை எடுத்து மடியில் வைத்து ஷூவின் வாரை அவிழ்த்தாள். கழற்ற வரவில்லை, இழுத்தாள், வந்தது. சாக்ஸை உருட்டி எடுத்தபோது கால் வீங்கி மினுமினுத்தது. சாக்ஸின் எலாஸ்டிக் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளமாகப் பதிந்திருந்தது, ஷூவின் தையல்கூடப் புறங்காலில் புள்ளி புள்ளியாக இருந்தது. தினமும் காலையில் அவள்தான் மாட்டினாள், சாயங்காலம் அவள்தான் கழற்றினாள். போன் பேசிக்கொண்டே, நாளைக்கு யார் எங்கே போவது என்று மனசுக்குள் ஆட்களைப் பிரித்துக்கொண்டே. கட்டைவிரலால் அந்த வீக்கத்தை மெதுவாக அழுத்தினாள். விரலை எடுத்தாள். குழி அப்படியே நின்றது. வலிச்சுதா என்று எத்தனை முறை கேட்டிருப்பேன், ஆகட்டும் என்றுதானே சொன்னான். கைப்பைக்குள் போன் அடித்தது, அடித்து நின்றது. நஸ்ரின் எதற்கோ கூப்பிட்டிருப்பாள், தானே பார்த்துக்கொள்வாள். அவள் அசையவில்லை. காலை மடியிலேயே வைத்துக்கொண்டு, குழி மேலே எழுந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.